பிரேக்கில் பழுது இல்லை

கோழிக்கால் எனக்கு அவ்வளவு பிடித்த பண்டம் என்று சொல்ல முடியாது, ஐயா. நெஞ்சுக்கறிதான் எனக்கு இஷ்டம். ஆனாலும் கடம்பூரில் என் மாமியார் வீட்டில் கோழி அடித்தால் முதல் கால் என் இலையில்தான் விழும். அடுத்த கால் மாமனாருக்கு. சின்ன மாப்பிள்ளைக்கு இறக்கை. இதை நான் கேட்டு வாங்கியதில்லை. மூத்த மாப்பிள்ளை என்று வைத்தார்கள், வைத்ததைத் தின்றேன். முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, கோழிக்காலுக்காகத்தான் சண்முகராஜ் இப்படிச் செய்தான் என்று சொல்லக்கூடும். என் மனைவி ராதாமணியே சொல்வாள். எதையும் சின்னதாக்கிப் பேசுவது அவளுக்குப் பிறவிக்குணம்.

நான் இன்றைக்கு வந்தது என் வண்டியைப் பற்றிப் பேசத்தான். அதைப் பற்றிக் கோவில்பட்டி லாரி ஸ்டாண்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. எங்கள் லாரிக்காரர்கள் சங்கத்தில் ஆயுத பூஜை அன்று லாரி இழுக்கும் போட்டி வைப்போம். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்ட லாரியின் முன்கொக்கியில் வடக்கயிற்றைக் கட்டி, ஒற்றை ஆள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டிருப்போம். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு யார் சீக்கிரம் கொண்டுபோகிறானோ அவனுக்குப் பரிவட்டம். அன்று சாயங்காலம் ஜோடித்த வண்டிகளின் ஊர்வலத்தில் அவன்தான் முதல் வண்டியின் நெற்றியில் உட்கார்ந்து வருவான். வெளியூர்க்காரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை.

இதில் எங்கள் சங்கத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. லாரியின் பின்பக்கத்தில் பாரமாக மூட்டை ஏற்ற மாட்டோம். இழுக்கிறவனின் சொந்தக்காரர்கள்தான் ஏறி நிற்க வேண்டும். மாமன், மச்சான், பெரியப்பன், சித்தப்பன் என்று பாடி நிறைய நின்றால்தான் அவனுக்குப் பெருமை. சொந்தம் இல்லாதவன் இழுத்தால் அது காலி வண்டி இழுத்த கணக்கு. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறவனும் அவன் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். உருளத் தொடங்கிய லாரி இழுப்பதை நிறுத்தினால் நிற்காது. முன்னால் போகிறவனின் உயிர் பிரேக்கில் கால் வைத்திருப்பவனிடம் இருக்கிறது. அப்புறம், முன்சக்கரத்தை ஒட்டி ஒருவன் முட்டுக்கட்டையோடு நடந்து வருவான். ஏதாவது என்றால் அதைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுவிடுவான்.

நான் பல வருஷம் தொடர்ந்து பரிவட்டம் கட்டியவன். எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். இழுத்தது என் சொந்த வண்டியைத்தான். ‘செண்பகா’ என்று அதன் நெற்றியில் எழுதியிருப்பேன். போட்டிக்கு எப்போதும் அந்த வண்டிதான், யார் இழுத்தாலும் அதுதான். அவ்வளவு நேராக ஓடும், அவ்வளவு சுத்தமாக நிற்கும்.

பிறகு ஒரு நாள் தீப்பெட்டி பண்டல் ஏற்றிவிட்டு மேலே நின்று தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தேன். இடது முழங்கால் போய்விட்டது. வண்டி ஓட்டலாம், இழுக்க முடியாது. இடது கால்தான் போனது, ஐயா. வலது காலுக்கு ஒன்றுமில்லை. பிரேக் பிடிப்பது வலது காலால். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சகலை இசக்கிபாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கை சீனித்தாயைக் கட்டியவன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவன். புதூர்ப் பக்கம் ஒரு பொட்டல் ஊர். நாலு வெள்ளாட்டையும் வேலிக்கருவையையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. பிழைக்க வந்த இடத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி குடோனில் லோடுமேனாகச் சேர்ந்தான். கெட்டவன் இல்லை. நான் ஒருபோதும் அவனைக் கெட்டவன் என்று சொன்னதில்லை. எதைச் சொன்னாலும் சிரிப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். பிடிக்காமல் இருப்பதற்கு அவனிடம் ஒன்றுமே இருக்காது, அது ஒரு மாதிரி எரிச்சல்.

அந்த வருஷம் ஆடி மாதக் கோயில் கொடைக்குக் கடம்பூர் போயிருந்தோம். பந்தியில் என் மாமியார் ஆறுமுகத்தாய் கறிச்சட்டியோடு வந்தார். என்னைத் தாண்டிப் போய் முதல் காலை இசக்கிபாண்டி இலையில் வைத்தார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அவிய இந்த வருசம் லாரி இழுக்கப் போறாவ. உடம்புல தெம்பு வேணும்லா. நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க மருமவனே.”

“இதுல நினைக்க என்ன அத்தை இருக்கு. யார் தின்னா என்ன” என்றேன்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் இலையில் இறக்கை இருந்தது. பந்தியில் இருந்தவர்கள் ஒரு தடவை என் இலையைப் பார்த்துவிட்டுத் தங்கள் இலைக்குத் திரும்பினார்கள். இறக்கையிலும் கறி இருக்கத்தான் செய்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் இசக்கிபாண்டி என்னிடம் வந்து நின்றான். “அண்ணாச்சி, நீங்கதான் எனக்குப் பிரேக்குல உக்காரணும். பழக்கித் தரவும் வேணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா” என்றான். என் வண்டி, என் பரிவட்டம், என் இலையில் விழ வேண்டியது, இதற்கு மேல் நானும் வேண்டும் என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றேன். முடியாது என்றால் பொறாமை என்பார்கள்.

கயத்தாறு போகிற வழியில் பூட்டிக் கிடக்கும் பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு பழைய தார்ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் கரிசல். வெயிலில் வெடித்து, கால் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். விடிந்ததும் அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இசக்கிபாண்டி சைக்கிளில் வந்துவிடுவான். பழைய தார்ப்பாயை மடித்துத் தைத்து அவனுக்குத் தோள்பட்டை செய்து கொடுத்தது நான்தான். வெறும் கயிறு சதையை அறுத்துவிடும். செருப்பு டயர்ச்செருப்பு. சாப்பாடு என்ன என்றுகூட நான்தான் சீனித்தாயிடம் சொல்லிவிட்டேன். காலையில் ஊறவைத்த காணப்பயறு, பச்சை முட்டை, மத்தியானம் கேப்பைக்களி, ராத்திரி ஆட்டுக்கால் சூப். ஒரு குறை வைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

எப்படி இழுப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் உடம்பை முன்னால் சாய்த்துத் தரையோடு தரையாகப் போக வேண்டும். முதல் அடிதான் கஷ்டம். சக்கரம் ஒரு சுற்று வந்துவிட்டால் அப்புறம் வண்டி உன்னோடு வரும். இதெல்லாம் உண்மையான பாடம். இதில் நான் பொய் சொல்லவில்லை.

பிரேக்கை மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொள்வேன்.

கொஞ்சம்தான். எங்கள் வண்டிகளில் காற்றுப் பிரேக். எஞ்சின் ஓடும்போது டேங்கில் காற்று ஏறும். எஞ்சினை அணைத்த பிறகும் அந்தக் காற்றைக் கொண்டு பல தடவை பிரேக் பிடிக்கலாம். பழகிய கால் என்றால் பெடலை ஒரு நூல் அளவு அழுத்தியே வைத்திருக்க முடியும். சக்கரம் பூட்டிக்கொள்ளாது, ஆனால் சுதந்திரமாகவும் சுற்றாது. முன்னால் இழுக்கிறவனுக்கு வண்டி கனக்கும், அவ்வளவுதான். ஏன் கனக்கிறது என்று தெரியாது.

அவன் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றுவிடுவான். முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்குவான். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். நான் இறங்கிப் போய்த் தண்ணீர்ச் செம்பைக் கொடுப்பேன்.

“என்ன அண்ணாச்சி, காலி வண்டியே இம்புட்டுக் கனக்கு. ஆளு ஏறினா எப்படி இழுப்பேன்?”

“ஆடிக் காத்துலா தம்பி. எதிரா அடிக்கு. உடம்பும் இன்னும் பத்தல. இந்த வருசம் வேண்டாம்னா விட்டுரலாம். யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். நான் விரும்பியது அவ்வளவுதான். ஒரு மனிதன் தன் பலம் என்னவென்று தெரிந்து விலகிக்கொள்வது நல்லது. ஆனால் அவன் மறுநாளும் சைக்கிளில் வந்தான். ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணி வந்தது. இப்போது காற்றைச் சொல்ல முடியாது. ரோட்டில் மேடு இருக்கிறது என்றேன். ஒரு மழை பெய்து கரிசல் அவன் செருப்பில் அப்பிக்கொண்டபோது மண்ணைச் சொன்னேன். எதைச் சொன்னாலும் தலையாட்டினான். தோளில் புண் வந்து, காய்ந்து, தோல் காய்த்துவிட்டது. அதோடு அவன் நடுவில் நிற்பது குறைந்தது. நான் பெடலை இன்னும் ஒரு நூல் கூட்டினேன். அவன் அதையும் இழுத்தான்.

அடுத்த கோட்டைத் தொடுகிற நாள் வந்தபோது அவனுக்கு இன்னொரு பாடமும் சொன்னேன். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். பின்னால் வருகிற வண்டிக்குப் பயந்து பக்கத்தில் ஒதுங்க வேண்டுமே என்று கொஞ்சம் மூச்சை மிச்சம் வைப்பார்கள். அதனால் கடைசி நாலு அடியில் வேகம் குறையும். நானும் அப்படித்தான் இழுத்தேன், எனக்கு யார் மேலும் நம்பிக்கை இருந்ததில்லை.

“நீ ஒதுங்காத தம்பி. இருக்கிற மூச்சை எல்லாம் கோட்டுலயே கொட்டிரு. தாண்டினதும் அப்படியே விழு. நிறுத்துதது என் வேலை.”

“சரி அண்ணாச்சி” என்றான். அன்றே அப்படிச் செய்தான். கோட்டைத் தாண்டி முகம் தரையில் படக் குப்புற விழுந்தான். நான் அழுத்தினேன். அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. திரும்பிப் பார்க்காமலே சிரித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு தினமும் அப்படித்தான். இதை நான் ஏதோ உள்நோக்கத்தோடு சொல்லிக் கொடுத்ததாக நீங்கள் நினைக்கக் கூடாது. அப்போது எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை. அது நல்ல யோசனை. வேறு யாரும் அந்த யோசனையை அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடுவில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு என் மைத்துனன் நந்தகோபால் பிரேக்கில் உட்கார்ந்திருக்கிறான். அவன் ராதாமணிக்கும் சீனித்தாய்க்கும் தம்பி, அவனும் டிரைவர்தான். நல்ல டிரைவர் இல்லை. ஆனால் அவன் பிரேக்கை அழுத்தி வைக்கவில்லை. அழுத்தி வைக்க அவனுக்கு என்ன இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடம்பூரில் கோழி அடித்தார்கள். இலை போட்டு, காலும் இறக்கையும் ஆடியில் வைத்தது போலவே வைத்தார்கள். இசக்கிபாண்டி சாப்பிடாமல் எழுந்து நின்றான்.

“எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். காய்ச்சல்ல அண்ணாச்சி வரலன்னு நந்தகோபாலை உக்கார வச்சு இழுத்தேன். வண்டி பின்னாலயே ஓடி வருது. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. இம்புட்டு நாளும் அண்ணாச்சி பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்திருக்காவ.”

எனக்கு அந்த நேரத்தில் பயம் இல்லை, ஐயா. நிம்மதியாகத்தான் இருந்தது. அவன் என்னைத் திட்டப் போகிறான், நான் திருப்பித் திட்டப் போகிறேன், இரண்டு குடும்பமும் முறித்துக்கொள்ளும், எல்லாம் ஒரு முடிவுக்கு வரும். என்ன பதில் சொல்வது என்று நான் எப்போதோ யோசித்து வைத்திருந்தேன்.

அவன் திட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டான்.

“எனக்குத் தெம்பு ஏறட்டும்னுதான் மிதிச்சிருக்காவ. முன்னாலயே சொன்னா நான் மலைச்சுருவேன்னு சொல்லாமலே செஞ்சிருக்காவ. காத்தைச் சொன்னாவ, மண்ணைச் சொன்னாவ. கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா? இந்த உடம்பு அவிய போட்ட பிச்சை.”

சொல்லிவிட்டு வந்து என் காலில் விழுந்தான். பந்தி முழுக்க ஒரே சந்தோஷம். மாமனார் என் முதுகில் தட்டினார். “பெரிய மாப்பிள்ளை மூளையே மூளை” என்றார். சீனித்தாய் கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராதாமணி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிபாண்டி தன் இலையிலிருந்து கோழிக்காலை எடுத்து என் இலையில் வைத்தான். “இது உங்களுக்குத்தான் அண்ணாச்சி” என்றான்.

என்னுடையதை அவன் எனக்குத் தருகிறான். எல்லோரும் பார்க்க நான் அதைத் தின்ன வேண்டியிருந்தது. தின்றேன். நன்றாக வெந்திருந்தது.

அன்றைக்கு அவன் என்னை நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஒருவன் நமக்குக் கெடுதல் செய்கிறான் என்றால் அதைக் கெடுதல் என்று தெரிந்துகொள்கிற குறைந்தபட்ச மரியாதையாவது அவனுக்குக் கொடுக்க வேண்டும். நான் மாதக் கணக்கில் பாடுபட்டதை அவன் ஒரே வாயில் உபகாரமாக மாற்றிவிட்டான். அதற்கு மேல் நான் என்ன செய்தாலும் அது உபகாரமாகவே போய்ச் சேரும். பிரேக்கை அழுத்தினாலும் நன்றி, விட்டாலும் நன்றி. அப்படி ஒரு ஆளோடு எப்படிப் பகை வைத்துக்கொள்வது?

ஆயுத பூஜை அன்று காலையில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினேன். நாலு பக்கச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தோம். போட்டிக்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, காற்றின் அளவு காட்டும் முள் நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் பார்த்தேன். எந்த வேலையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. பிறகு எஞ்சினை அணைத்தேன்.

அவன் முறை வந்தபோது பின்னால் நல்ல கூட்டம் ஏறியது. மாமனார், அவர் தம்பிமார், புதூரிலிருந்து வந்த அவன் ஆட்கள், அண்ணன் மகன்கள். பாடி நிறைந்துவிட்டது. ஆட்டுக்காரக் குடும்பத்துக்கு இவ்வளவு சொந்தமா என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். நந்தகோபால் முட்டுக்கட்டையோடு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான். நான் தலையை வெளியே நீட்டினேன்.

“ஏல, நீயும் பின்னால ஏறு. சொந்த மச்சினன் கீழ நடந்து வந்தா அவனுக்கு மரியாதையா இருக்குமா?”

“அப்போ கட்டை போடுறது யாரு அத்தான்?”

“நான் இருக்கேன்லா.”

கட்டையை ரோட்டோரம் வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். இது சின்ன விஷயம். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நந்தகோபால் உள்பட. அவன் இதை நினைத்து நினைத்து இப்போது சரியாகத் தூங்குவதில்லை என்று கேள்வி.

இசக்கிபாண்டி தோள்பட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். விசில் ஊதினார்கள்.

அவன் இழுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் எத்தனையோ பேர் இழுத்துப் பார்த்திருக்கிறேன், நானே இழுத்திருக்கிறேன். அப்படி ஒருத்தன் இழுத்து நான் பார்த்ததில்லை. தரையோடு தரையாகச் சாய்ந்து, முதல் அடியிலேயே வண்டியை எழுப்பிவிட்டான். பாதி தூரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனான். பின்னால் சொந்தமெல்லாம் கூச்சலும் கைதட்டலுமாகக் கூத்தாடியது. கோட்டை நெருங்கும்போது வேகம் குறையவே இல்லை. எனக்கு இருந்த பேரெல்லாம் அந்த இடத்தோடு முடிந்தது. எனக்கு வருத்தம் இல்லை. நான் பழக்கியவன்தானே.

கோட்டைத் தாண்டினான். நான் சொன்னபடியே விழுந்தான். ஒதுங்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு ஓடைப் பாலத்தை நோக்கிக் கொஞ்சம் இறக்கம்.

வண்டி நிற்கவில்லை.

பின்னால் இருந்தவர்கள் ஏதோ கல்லில் ஏறி இறங்கியது என்று நினைத்துத் தொடர்ந்து கைதட்டினார்களாம். பிறகுதான் ரோட்டோரம் நின்றவர்கள் கத்தியது கேட்டிருக்கிறது. பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்த சிலர், அதிர்ச்சியில் உறைந்துபோனான் என்று சொன்னார்கள்.

நீங்களும் உங்கள் ஆட்களும் வருவதற்கு முன் எங்கள் சங்கத் தலைவர் பூவனலிங்கம் அண்ணாச்சி வண்டிக்கு அடியில் போய்விட்டு வந்தார். என் காதருகே குனிந்தார். “கால் வழுக்கியிருக்கும் உமக்கு. யாருக்கும் நடக்கும். டேங்குல இருந்த காத்தை எல்லாம் திறந்து விட்டுட்டேன். காத்து இறங்கிட்டு, பிரேக் பிடிக்கலன்னு சொல்லிரும். நாங்க எல்லாரும் அதையே சொல்லுதோம்” என்றார். லாரிக்காரனை லாரிக்காரன் விட்டுக்கொடுக்க மாட்டான், அது எங்கள் பழக்கம். நல்ல எண்ணத்தில் செய்தார். அவர் மேல் நீங்கள் எதுவும் போடக் கூடாது. நீங்கள் வந்து முள்ளைப் பார்த்தீர்கள். முள் கீழே கிடந்தது. பிரேக் பழுது என்று முடிவு செய்தீர்கள். என்னிடம் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை, துக்கத்தில் இருக்கிறான் என்று விட்டுவிட்டீர்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கடம்பூரில் கறிச்சோறு போட்டார்கள். மாமனார் பந்தியில் உட்காரவில்லை. அன்று பின்னால் நின்றவர் அவர், அதிலிருந்து கறி தொடுவதில்லை. மாமியார் சட்டியோடு வந்து ஒரு கால் வைத்தார். கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு அடுத்த காலையும் என் இலையிலேயே வைத்தார். வேறு எந்த இலையில் வைப்பார்? சீனித்தாய் வந்து தண்ணீர் ஊற்றினாள். “நீங்க என்ன செய்வீங்க அத்தான். வண்டி நிக்கலன்னா நீங்க என்ன செய்ய முடியும். அவிய கடைசி வரைக்கும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாவ” என்றாள். நான் இரண்டு காலையும் தின்றேன். வீணாக்கக் கூடாது.

அத்தோடு விட்டிருப்பேன், ஐயா. உண்மையாகவே விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு புரோக்கர், நான் இருப்பது தெரியாமல் இன்னொருவனிடம் சொல்கிறான். “செண்பகாவுலயா பண்டல் ஏத்தப் போற? அந்த வண்டி பிரேக் நிக்காதுப்பா, சகலையையே ஏத்திக் கொன்ன வண்டி.”

எனக்குக் கை நடுங்கியது. டீ கொட்டிவிட்டது. அந்த வண்டியைப் பற்றி அப்படி ஒரு சொல். கோட்டில் நிறுத்து என்றால் கோட்டில் நிற்கிற வண்டி. நான் கழுவி, எண்ணெய் போட்டு, காற்று பார்த்து வைத்திருக்கிற வண்டி. எந்தத் தப்பும் செய்யாத ஒன்றின் மேல் இப்படிப் பழி போட மனிதர்களுக்கு எப்படி மனது வருகிறது?

ஒரு கேள்வி கேட்கிறேன். உங்களுக்கே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. பாலத்துக்கு முன்னால் வண்டி எப்படி நின்றது? அது இறக்கம். பின்னால் பாடி நிறைய ஆள். தானாகவா நிற்கும்? நான் அழுத்தினேன், நின்றது. முதல் அழுத்திலேயே நின்றது. பின்னால் மாமனாரும் மற்றவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது இல்லையா. என் கால் அதற்கு முன்னாலும் பெடல் மேல்தான் இருந்தது. வழுக்கவில்லை. அவன் விழுந்தபோதே அழுத்தியிருந்தால் கோட்டிலேயே நின்றிருக்கும். நான் அழுத்தவில்லை.

வண்டியை ஸ்டேஷன் வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன். காற்று முழுசாகப் பிடித்து வைத்திருக்கிறேன். நீங்களே ஏறி உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதும்போது, பிரேக்கில் பழுது இல்லை என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.